அன்பளிப்பா, கூலியா?



பேராக் மாநிலத்தில் தமிழர்கள் கூடி நடத்துகிற விழா எதுவாயினும் சரி, அதன் கணக்குப் புத்தகத்தை வாங்கிச் சற்றே புரட்டிப் பாருங்கள். பந்தல் போட்டவனுக்குக் 'கூலி' என்று எழுதியிருக்கும். ஒலிபெருக்கி கொண்டுவந்தவனுக்கு 'வாடகை' என்று எழுதியிருக்கும். பூக்காரனுக்கு 'விலை' என்றும், சமையற்காரனுக்குச் 'சம்பளம்' என்றும், பூசை செய்தவருக்குத் 'தட்சிணை' என்றும் எழுதியிருக்கும். ஆனால் மேடையிலே நின்று மூன்று மணி நேரம் தொண்டை வறளப் பாடியும், விரல் நோகக் கிட்டார் வாசித்தும், தோள் கழலத் தாளம் கொட்டியும் அக்கூட்டத்தைக் கலையாமல் கட்டி வைத்திருந்த உள்ளூர் இளைஞர்களுக்கு மட்டும் 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும். அந்தத் தொகையும் புத்தகத்திலே கடைசி வரியில், மிச்சம் பிடித்த பணத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் சங்கீத வித்துவான் அல்லேன். தோட்டத்து ஆபீசிலே செக்ரோல் எழுதுகிற கிராணி. ஒருவன் எத்தனை நாள் வேலை செய்தான், அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுவதே எனக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தையைக் கொண்டு பார்க்கும்போது, நம் சமூகத்தார் இசைக்குழுவிளைஞர்களிடம் நடந்துகொள்ளும் முறை எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் நடந்துகொண்ட முறையினும் இழிந்ததாகத் தோன்றுகிறபடியால் இதனை எழுதத் துணிந்தேன். துரை குறைந்த கூலி கொடுத்தான்; ஆனால் அதனைக் கூலி என்றே சொன்னான். நாமோ கொடுப்பதையும் குறைத்து, அதற்குத் தர்மம் என்ற பெயரையும் சூட்டுகிறோம்.

ராக் இசையை வாசித்துப் பிழைக்கும் இளைஞனைக் குறித்து நம்மவர் சொல்லும் குற்றங்கள் மூன்று. அஃது அந்நியர் கூத்து என்பது ஒன்று. அது சோறு போடாத தொழில் என்பது மற்றொன்று. கலையைக் காசுக்கு விற்கலாகாது, அது தொண்டு என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், அந்நியர் கூத்து என்னும் வாதம். ஆங்கிலவழியில் படித்த காரணத்தால் நானும் சிறு வயதில் இந்த மயக்கத்தில் இருந்தவனே. கிட்டார் என்றால் வெள்ளைக்காரன். பறை என்றால் லயத்துக் கிழவன். முன்னதைக் கேட்பது நாகரிகம், பின்னதைக் கேட்பது வெட்கம் என்று எண்ணினேன். பெரியவர்கள் அதையே தலைகீழாக்கி, முன்னது கேடு என்றார்கள். இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது ஒன்றே. கிட்டாரின் பிறப்பிடம் வெள்ளைக்காரன் மாளிகை என்று இருவருமே நம்பினோம். உண்மை யாதெனில், ராக் இசை பிறந்தது மாளிகையில் அன்று. அது பிறந்தது தோட்டத்தில்.

அமெரிக்காவில் மிசிசிப்பி என்றொரு மாகாணம் உண்டு. அங்கே ஸ்டோவால் என்பாருடைய பருத்தித் தோட்டத்திலே கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இருந்தார். மக்கின்லி மார்கன்ஃபீல்டு என்பது அவருடைய இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் மட்டி வாட்டர்ஸ். பகலிலே பருத்தி பறிப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் அவருடைய வேலை. இரவிலே தம் குடிசையில் தம் மக்களுக்குக் கிட்டார் வாசித்துப் பாடுவார். 1941-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அத்தோட்டத்திற்கு வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார். பின்னர் இரண்டு இசைத்தட்டுகளும் 20 டாலர் பணமும் அவருக்கு அனுப்பப்பட்டன. தம் குரலைத் தட்டிலே கேட்டபோதுதான் தாமும் ஒரு பாடகர் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டாயிற்று. அந்த 20 டாலர் அன்பளிப்பு அன்று. வேலைக்குக் கொடுத்த விலை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாண்டு கழித்து, 1943-இல், டிராக்டர் ஓட்டும் கூலியை மணிக்கு இருபத்திரண்டரைக் காசிலிருந்து இருபத்தைந்து காசாக உயர்த்தித் தருமாறு தோட்டத்து மேற்பார்வையாளரைக் கேட்டார். இரண்டரைக் காசு! அது மறுக்கப்பட்டது. மட்டி வாட்டர்ஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சிக்காகோ நகருக்கு ரயிலேறிவிட்டார். நகரத்து மதுக்கடை இரைச்சலிலே சாதாரணக் கிட்டார் காதில் விழாதென்று மின்சாரக் கிட்டாரை எடுத்தார். அவரும் அவர் தோழர்களும் எழுப்பிய அந்த ஒலியைக் கடல் கடந்து கேட்ட லண்டன் பிள்ளைகள் சிலர் 1962-இல் ஒரு குழு அமைத்து, அவருடைய 1950-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். அதுதான் ரோலிங் ஸ்டோன்ஸ். ராக் இசைக்கு வேறு தாய் தந்தையரும் உண்டு. ஆயினும் அந்தக் குடும்பத்து முப்பாட்டன்மாரில் முதன்மையான ஒருவர் கூலி உயர்வு மறுக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி.

இப்போது சொல்லுங்கள். மட்டி வாட்டர்ஸ் பாட்டு பதிவான அதே 1941-ஆம் ஆண்டில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே நம் பாட்டன்மாரும் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரனைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்று மானத்தையும் சேர்த்தே கேட்டார்கள். மிசிசிப்பித் தோட்டத்துக் குடிசைக்கும் நம் லயத்துக்கும் இடையே கடல்தான் இருந்ததே தவிர, வேறுபாடு அதிகம் இல்லை. 1877-இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட கித்தாக் கன்றுகள் வளர்ந்து பெருகிப் பேராக் முழுவதும் தோட்டமானபோது அவற்றிலே பால் வெட்டியவன் பாடிய பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவர ஒரு லோமாக்ஸ் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே, தோட்டத்துத் தமிழன் மகன் கிட்டாரைத் தொட்டால் அந்நியன் பொருளைத் தொட்டான் என்று சொல்லாதீர்கள். தன் பங்காளி வீட்டுப் பொருளைத்தான் தொட்டிருக்கிறான்.

நிற்க. இரண்டாவது வாதம், இது சோறு போடாது என்பது. இதனைச் சொல்லுகிறவர்களே மாலையில் யாருடைய பாட்டைக் கேட்டு இளைப்பாறுகிறார்கள்? இளையராசா பாட்டை, ரகுமான் பாட்டை. இவ்விருவரும் எவ்வழியாக வந்தார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

பண்ணைப்புரத்து இளையராசா பதினான்கு வயதிலேயே தம் அண்ணன் பாவலர் வரதராசனுடைய பாட்டுக் குழுவிலே சேர்ந்து, கட்சி மேடைகளிலும் விழா மேடைகளிலும் ஊர் ஊராய்ப் பாடி அலைந்தவர். அது சுற்றுப்பயணக் குழு அல்லாமல் வேறென்ன? பிறகு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைப் பயின்று, பிறர் இசையமைத்த படங்களுக்குக் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். அவருடைய முதற் படமாகிய 'அன்னக்கிளி' 1976-இல் வெளிவரும் வரையில் அவரைக் காப்பாற்றியது அந்தக் கூலி. அதே 1976-இல்தான் ரகுமானுடைய தந்தையார் ஆர். கே. சேகர் காலமானார். ஒன்பது வயதுச் சிறுவனையுடைய அக்குடும்பம் தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. வளர்ந்த பிள்ளை 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' முதலிய சென்னை ராக் குழுக்களிலே கீபோர்டு வாசித்தது. 'ரோஜா' வந்தது 1992-இல்.

ஒருவரைக் கூலி காப்பாற்றிற்று. மற்றொருவரை வாடகை காப்பாற்றிற்று. இருவரையும் அன்பளிப்பு காப்பாற்றவில்லை. அவர்கள் ஊரிலே வாசித்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றொரு முறை, எவ்வளவு குறையுடையதாயினும், இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கிலே ரகுமான் கச்சேரி நடந்தபோது நம்மவர் அறையும் பேருந்தும் அமர்த்திக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார்கள். போனது தவறென்று சொல்ல வரவில்லை. நானே போகத் துடித்தவன். ஆனால் மேடையில் நின்ற அப்பெரியவரைப் போல நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ராக் குழுவிலே கீபோர்டு வாசித்த பிள்ளை இன்று ஈப்போவிலே இருந்தால், அவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "தம்பி, பழம் பாட்டு நாலு வாசி, சாப்பாடு உண்டு" என்கிறோம். சோறு போடாத தொழில் என்று சொல்லுகிறவர் யாரோ அவரே சோற்றுப் பானையை மூடி வைத்திருப்பவர். பானையையும் மூடிக்கொண்டு பசியையும் பழிப்பது என்ன நியாயம்?

மலேசியாவிலேயே ஓர் உதாரணம் காட்டுகிறேன். 'அல்லிகேட்ஸ்' குழுவை அறியாதார் இந்நாட்டில் இரார். பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்களாகிய லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் 1960-களின் இறுதியில் தொடங்கிய குழு அது. புதர் போன்ற சுருட்டைத் தலைமுடியும், கறுப்பு அமெரிக்கர் இசையின் சாயலும் அவர்களுக்கு அடையாளம். இந்நாட்டிலே வாசித்ததோடு நில்லாமல் 1970-களில் ஹாங்காங் சென்று அங்குள்ள இரவு விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் இரவு தவறாமல் வாசித்தார்கள். அப்படிப்பட்ட இரவு விடுதி வேலை எத்தகையதென்று அறிவீர்களா? கேட்பவன் குடித்துக்கொண்டிருப்பான், கவனிக்க மாட்டான், கேட்ட பாட்டைத் தெரியாதென்று சொல்லக்கூடாது, நாள் ஒன்றுக்கு நாலைந்து முறை மேடை ஏற வேண்டும், தொண்டை கட்டினாலும் விடுப்பில்லை. பால் வெட்டுக்கு விடியலில் எழுகிறவனுக்கும் விடியலிலே படுக்கைக்குப் போகிற இவனுக்கும் உழைப்பிலே என்ன வேற்றுமை? அந்தப் பட்டறையிலே அடிபட்டு உருவாகி நாடு திரும்பியபின் 1979-இல் 'தெரிமா காசே' என்ற மலாய் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன்பின் அவர்கள் பாடாத கலியாண வீடு இல்லை, கேளாத காது இல்லை. லோகநாதன் 2007-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தபோது மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒருங்கே வருந்தினர்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவரிற் சிலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "தமிழ்ப் பிள்ளைகள்தாமே, மலாயில் பாடிப் பேர் வாங்கினார்களே, தமிழுக்கு என்ன செய்தார்கள்?" என்பார்கள். இக்கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தமிழர் என்ன செய்தார்கள்? மலாய்ப் பாட்டுக்கு இசைத்தட்டு நிறுவனம் முன்வந்தது, வாங்குவோர் இருந்தனர், பாட்டெழுதுவோருக்கும் மெட்டமைப்போருக்கும் வாசிப்போருக்கும் விலை இருந்தது. அக்காலத்தில் அவர்கள் தமிழிலே சொந்தப் பாட்டொன்றைப் புனைந்து தோட்டத்து மேடைக்கு வந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "சினிமாப் பாட்டு வாசியுங்கள்" என்றிருப்போம். அச்சகோதரர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. நம் கணக்குப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பதையே சொல்லுகிறேன். அதிலே அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

இனி மூன்றாவது வாதம். கலை என்பது தொண்டு; அதற்கு விலை பேசுவது இழிவு என்பது. இது கேட்க மிக அழகாயிருக்கிறது. ஆதலால்தான் இது மூன்றிலும் கொடியது.

புந்தோங்கிலே கச்சான் பூத்தே வறுத்து விற்கும் தாயாரிடம் போய், "உங்கள் கைப்பக்குவம் ஒரு கலை, ஆகவே விழாவுக்குப் பத்துக் கிலோ தொண்டாகக் கொடுங்கள்" என்று கேட்க எவரேனும் துணிவாரா? பூசை செய்யும் ஐயரிடம், "தெய்வத் தொண்டுக்குத் தட்சிணை எதற்கு?" என்று கேட்பாருண்டா? அங்கெல்லாம் விலையை முன்கூட்டியே பேசி, பாதியை முன்பணமாகவும் கொடுத்துவிடுகிறோம். தொண்டு என்ற உபதேசம் தாளம் கொட்டுகிறவனுக்கும் கிட்டார் வாசிக்கிறவனுக்கும் மட்டும் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது சாதியிலிருந்து வந்தது. ஊரிலே பறை கொட்டியவனுக்கு என்றைக்காவது கூலி என்று பேசிக் கொடுத்ததுண்டா? இழவு வீட்டிலே பகலும் இரவும் கொட்டியவனுக்குப் படி அரிசி, பழந்துணி, ஒரு புட்டி கள். அதுவும் வாசலுக்கு வெளியே நின்று, துண்டை விரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டு வாங்க அவனுக்கு உரிமை இல்லை. மனமுவந்து இடுவது மேலானவன் தயவு. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது நாம் அந்த வழக்கத்தையும் மூட்டையிலே கட்டிக்கொண்டு வந்தோம். லயத்திலே எல்லாருக்கும் ஒரே செக்ரோல், ஒரே பிரட்டுக் களம், ஒரே கூலி என்று ஆனபின்பும், சாவு வீட்டிலே கொட்டுகிறவன் மட்டும் பழைய முறைப்படியே நடத்தப்பட்டான். பறை போய் டிரம்ஸ் வந்தது. துண்டு போய்க் காகித உறை வந்தது. கள் போய் பிரியாணிப் பொட்டலம் வந்தது. கொடுக்கிறவன் மனம் மட்டும் மாறவில்லை. வாசிப்பவன் இன்று எச்சாதிக்காரனாயிருந்தாலும் சரி, மேடை ஏறினவுடன் அவனை அந்தப் பழைய வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். 'அன்பளிப்பு' என்பது அந்தப் படி அரிசியின் புதுப் பெயர். வேறன்று.

இதனை உணர்ந்து எழுந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தும், சென்னையில் ராக் குழுவிலே வாசித்து வந்த இசைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவை அமைத்தார்கள். சாதியற்ற தமிழர் என்று நூறாண்டுகளுக்கு முன்பு அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லைக் கொண்டே அக்குழுவுக்குப் பெயரிட்டனர். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். கானாப் பாடகரும் பறையடிப்பவரும் மின்சாரக் கிட்டார்காரரும் ஒரே வரிசையிலே நின்றார்கள். இழவுக்கென்று ஒதுக்கிய கருவி மேடையின் நடுவிடத்துக்கு வந்தது.

அக்குழுவிலே பாடிய அறிவு என்னும் இளைஞர் 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை எழுதித் தீ என்னும் பாடகியோடு பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்து நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாட்டுக்கு ஊற்று. நம் பேராக் தோட்டத்துக் கிழவிமாரும் அதைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். அவர்கள் கதையல்லவா அது! ஆயினும் அதே ஆண்டில் அப்பாட்டின் பெருமையைப் பேசவந்த ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையிலே மற்றவர் படம் இருந்தது. எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை. ஊரார் கேட்டபிறகே அவருக்கு ஓர் அட்டை கிடைத்தது. பாட்டு உலகம் சுற்றி வந்துவிட்டாலும், பாடியவன் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பேரனுக்கு இது புதிய அனுபவமன்று.

நிற்க. பிறரைக் குறை கூறிவந்த நான் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த நண்பன் ஒருவன். அவன் தாயார் பால் வெட்டுபவர். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பள்ளிக்குப் போனேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைக் குலை ஏற்றிச் சேர்த்த பணத்தில் பழைய கிட்டார் ஒன்று வாங்கினான். ஈப்போ ஓட்டல்களிலே வாசித்தான். பின்பு ஒரு குழுவோடு சிங்கப்பூருக்கும் தாய்லாந்தின் எல்லைப் பட்டணங்களுக்கும் சுற்றினான். பயணக் கப்பலிலே இரண்டு வருடம் வாசித்தான். கப்பலிலே மாதச் சம்பளம், ஒப்பந்தத் தாள், வைத்தியச் செலவு எல்லாம் உண்டு. தாயார் நோயுற்றதனால் ஊர் திரும்பி, உள்ளூர்ப் பிள்ளைகள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு குழு அமைத்தான். தாமே எழுதிய தமிழ்ப் பாட்டுகள் ஏழெட்டு வைத்திருந்தார்கள். பால்மரம் அழிந்து செம்பனை வந்தபோது லயங்கள் இடிக்கப்பட்டதைப் பற்றி ஒரு பாட்டு. அதைக் கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

அவ்வாண்டு ஒரு விழாக் குழுவுக்கு நான் பொருளாளன். நண்பனாயிற்றே என்று அவன் குழுவை நானே அழைத்தேன். அதே மேடைக்குச் சென்னையிலிருந்து சினிமா நகைச்சுவைக்காரர் ஒருவரும் வரவழைக்கப்பட்டார். அவருக்கு விமானச் சீட்டு, ஓட்டல் அறை, பேசிய தொகை அனைத்தும் ஒரு மாதம் முன்பே போய்ச் சேர்ந்தன. அவர் வந்து இருபது நிமிடம் பேசினார். பாதி நேரம் ஒலிவாங்கி சரியில்லை என்று சொன்னார். என் நண்பன் குழு மாலை ஆறு மணிக்கே வந்து, தன் கைக்காசிலே லாரி பேசிக் கருவிகளை இறக்கி, இரவு பதினொன்றரை வரையில் வாசித்தது. சொந்தப் பாட்டுக்கு அனுமதி ஒன்றுதான் கிடைத்தது. அதையும் பாதியில் நிறுத்தச் சொல்லிப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையசைத்தார்.

மறுநாள் கணக்கு எழுதினேன். பந்தல் கூலி 2,400 வெள்ளி. ஒலிபெருக்கி வாடகை 1,800 வெள்ளி. கடைசி வரியிலே, இசைக்குழு அன்பளிப்பு 300 வெள்ளி. ஐவருக்கு 300, ஆளுக்கு 60. லாரி வாடகை போக என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் எழுதினேன். பொன்னாடையும் போர்த்தினேன். அவன் அந்தப் பொன்னாடையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "ஐயா, இதை அடுத்த குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். சிறு வயது முதல் என்னை "டேய்" என்று அழைத்தவன் அன்று "ஐயா" என்றான். அதற்குப் பிறகு அவன் நம் மேடை எதிலும் ஏறவில்லை. பகலிலே லாரி ஓட்டுகிறான். கிட்டார் இருக்கிறதா, விற்றுவிட்டானா என்று கேட்க எனக்கு முகமில்லை.

மறுப்பாளர் சிலர் சொல்லக்கூடும்: "இந்தக் குழுக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, சிலர் குடித்துவிட்டு மேடையேறுகிறார்கள், அரைகுறையாய் வாசிக்கிறார்கள்" என்று. உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிராணியின் அனுபவத்தைக் கேளுங்கள். எவனுக்குக் கூலி பேசியிருக்கிறதோ அவனைத்தான் தாமதத்துக்காகக் கண்டிக்கலாம். தர்மம் வாங்குகிறவனை எந்த நியாயத்தைக் கொண்டு கண்டிப்பீர்கள்? ஒப்பந்தம் இருந்தால் இருபுறமும் ஒழுங்கு இருக்கும். 60 வெள்ளிக்கு வருகிறவன் ஒத்திகைக்கு விடுப்பெடுப்பானா? பகலெல்லாம் வேறு வேலை செய்துவிட்டு வந்து அரைகுறையாய்த்தான் வாசிப்பான். கப்பலிலே ஒரு நாளும் தாமதமாய் மேடையேறாத என் நண்பன் கப்பற்காரனுக்குப் பயந்தவனல்லன். அங்கே அவன் தொழிலாளி. இங்கே அவன் யாசகன். அவ்வளவே.

ஆகவே விழாக் குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது சிலவே. முதலாவது, கணக்குப் புத்தகத்திலே 'இசைக்குழு அன்பளிப்பு' என்ற வரியை அடித்துவிட்டு 'இசைக்குழுக் கூலி' என்று எழுதுங்கள். அதைக் கடைசி வரியில் எழுதாதீர்கள். பந்தலுக்குப் பக்கத்திலே எழுதுங்கள். இரண்டாவது, தொகையை முன்கூட்டிப் பேசித் தாளில் எழுதி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். லாரிச் செலவைக் குழுவே ஏற்கட்டும். மூன்றாவது, கடல் கடந்து ஒருவரை வரவழைக்கும் மேடையெதுவாயினும், அதே மேடையிலே உள்ளூர்க் குழு ஒன்றுக்கு முழுக் கூலியோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான்காவது, அந்த ஒரு மணியில் இரண்டு பாட்டாவது அவர்கள் தாமே புனைந்ததாயிருக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். கேட்காமல் எவன் எழுதுவான்? ஐந்தாவது, பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள். கல்லுமலையிலே தைப்பூசத்துக்கு உறுமி கொட்டும் பிள்ளைகளும் கிட்டார்ப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் பழகட்டும். என்ன பிறக்கிறதென்று பார்ப்போம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கூலி கேட்க வெட்கப்படாதீர்கள். "எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா" என்று இனிச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லே உங்களைத் துண்டு விரிக்கச் செய்கிறது. இவ்வளவு என்று சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி நேரத்துக்கு வந்து, நிதானத்தோடு வாசித்து, தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டரைக் காசு உயர்வு கேட்டு மறுக்கப்பட்ட ஒரு தோட்டத் தொழிலாளி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனதனால் உலகத்து இசையே மாறிப்போயிற்று. அவரை இழந்தது அந்தத் தோட்டம், அவருக்கொன்றும் நட்டமில்லை.

நாமும் அப்படி எத்தனை பேரை இழந்தோம் என்று கணக்கெடுக்க எந்தச் செக்ரோலும் இல்லை. இழந்த ஒருவனை எனக்குத் தெரியும். வரும் விழாவுக்கும் என்னையே பொருளாளனாக்கியிருக்கிறார்கள். புதுப் புத்தகம் வாங்கிவிட்டேன். முதற் பக்கத்திலே, பந்தலுக்கும் முன்பாக, இசைக்குழுக் கூலி என்று எழுதித் தொகைக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்தத் தொகையைச் சொல்ல வேண்டியவன் அவன். நாளைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.